வெள்ளி மோதிரமும் பதினொரு வீட்டுக் காளான் குழம்பும்

1

காளான் குழம்பில் வெள்ளியைப் போட வேண்டும். விஷம் இருந்தால் வெள்ளி கறுக்கும். கறுக்காவிட்டால் தைரியமாகத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரலாம். இதை நான் நாற்பத்தாறு வயது வரை நம்பினேன். பூமி உருண்டை என்பதைக்கூட அவ்வளவு உறுதியாக நம்பியதில்லை. பூமியைப் பற்றிச் சொன்னவர் வாத்தியார்; வெள்ளியைப் பற்றிச் சொன்னவள் என் அக்கா.

இன்று காலை மழை விட்டதும் கடையைத் திறந்தேன். பக்கத்து மளிகைக்கடை காதர் நானா அதற்காகவே காத்திருந்தவர் போல வாசலுக்கு வந்தார்.

"ஊர்க்காரரே! டின் காளான் புதுசா இறங்கியிருக்கு. மோதிரத்த எடுத்துட்டு வாங்க, முக்கிப் பாத்துட்டே வாங்கிக்கலாம்."

"நானா, போன வருஷக் கதைய இன்னுமா விடல?"

"எப்படி விடுறது? தெங்கேரா முழுக்க நான்தானே சொல்லிட்டு வர்றேன். இன்னும் ரெண்டு ஜாலான் பாக்கி இருக்குலா."

அந்த இரண்டு தெருவையும் அவர் முடிப்பதற்குள், திண்டுக்கல்லில் இருக்கும் ஊர்ச் சனங்களான உங்களுக்கு நானே எழுதிவிடுவது மரியாதை என்று தோன்றியது. போன வருஷம் அக்காவுக்குப் போட்ட ஏரோகிராமில், 'மழைக்கு வயிறு கொஞ்சம் கோளாறு, இப்போது நலம்' என்று எழுதியிருந்தேன். அதில் மழை மட்டும்தான் உண்மை.

2

இங்கே தமிழ்நாட்டிலிருந்து வந்தவனுக்கு 'ஊர்க்காரன்' என்று பெயர். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கரையை விட்டால் அந்தக் கரையில் ஒரே ஊர்தான் இருக்கிறது என்பது மலாக்காத் தமிழர்களின் பூகோளம். வந்து பதினேழு வருஷமாகியும் நான் ஊர்க்காரன்தான். நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை வந்துவிட்டது, பெயர் போகவில்லை.

பூட்டு ஊரில் பிறந்தவனுக்கு வேறென்ன தொழில் வரும்? தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டின் முன்பக்கத்தில் சாவி வெட்டிக் கொடுக்கிறேன், பூட்டு பழுது பார்க்கிறேன். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவருபவர்களுக்கு எந்த இனமானாலும் ஒரே முகம்தான். சீனரோ மலாய்க்காரரோ தமிழரோ, முதலில் மனைவியைத்தான் குறை சொல்கிறார்கள்.

மலாய் மொழியும் எனக்கு அப்படித்தான், சாவி உள்ளே மாட்டிக்கொண்ட வீடு. சிவப்பு அட்டைக்காக ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். "சாயா சுடா பெரானாக் டுவா காலி" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்று சொன்னதாக என் நினைப்பு. உண்மையில் நான் சொன்னது, 'நான் இரண்டு முறை பிரசவித்திருக்கிறேன்.' அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சுகப் பிரசவமா?" என்று விசாரித்தார்.

கூட வந்திருந்த என் மகள் கவிதா மேசைக்கடியில் போய்விடுவாள் போலிருந்தது. வெளியே வந்ததும் சொன்னாள்: "அப்பா, இனிமே ஆபீஸ்ல நான் பேசுறேன். நீங்க சைன் மட்டும் போடுங்கலா."

அன்றிலிருந்து அலுவலகங்களில் அவள்தான் என் வாய். வீட்டில் அந்த வாய் என்னிடம் அதிகம் திறப்பதில்லை. பதினாலு வயது. தொலைக்காட்சி, சிநேகிதிகள், பள்ளிக்கூடம் எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஓடுகின்றன. எனக்கென்று மிஞ்சுவது "ம்ம்", "தெரியலப்பா", "அப்புறம்லா". தம்பி குமரன், எட்டு வயது, அக்காவின் கார்பன் காப்பி. நான் திண்டுக்கல் என்று ஆரம்பித்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். மழை வருவதற்கு முன் மாடுகள் அப்படித்தான் பார்த்துக்கொள்ளும்.

3

ஆனால் திண்டுக்கல் என்று ஆரம்பிக்காமல் எப்படி இருப்பது?

ஐப்பசியில் இரண்டு நாள் இடி இடித்தால் போதும். சிறுமலை அடிவாரத்துப் பெண்கள் கூடைக்குள் தேக்கிலை விரித்துக் காளான் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டு ஓரம் குந்தியிருப்பார்கள். அக்கா போகும்போது பை தூக்க நான் போவேன். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து மோந்து, திருப்பி, பிய்த்துப் பார்ப்பாள். விற்கிறவள், "பொண்ணா பாக்க வந்தே?" என்று கேட்டு ஒரு கை அள்ளிப் போடுவாள்.

வீட்டில் சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கும் வாசம் வந்ததும் முன்பக்கப் பட்டறையில் அரம் ராவும் சத்தம் நின்றுவிடும். அப்பா கையைக்கூடத் துடைக்காமல் அடுப்படிக்கு வந்துவிடுவார். அப்போது அக்கா தன் இடது கால் கொலுசைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொதிக்கும் குழம்புக்குள் விடுவாள். நாங்கள் எல்லோரும் சட்டியைச் சுற்றி நின்று, கரண்டியில் அது மேலே வரும்வரை மூச்சு விடமாட்டோம். ஒரு தடவைகூடக் கறுத்ததில்லை. பளபளவென்று வரும். அப்பா, "ம், போடு" என்பார். அந்தச் சோற்றுக்கு இணையான ஒன்றை இந்தப் பதினேழு வருஷத்தில் நான் சாப்பிடவில்லை. இது பசியால் சொல்வதில்லை, இப்போதுதான் சாப்பிட்டேன்.

நான் கப்பலேறும் வருஷம் அந்தக் கொலுசின் கொக்கி உடைந்தது. அக்கா அதை உருக்கி எனக்கு ஒரு மோதிரம் செய்து போட்டாள். "அங்க போயி எதத் தின்னாலும் இதப் போட்டுப் பாத்துட்டுத் தின்னுடா" என்றாள்.

ஒரு விஷயத்தை இங்கே கவனிக்க வேண்டும். காளானை மோந்து பார்த்தவள் அக்கா. பறித்தவள் மலையடிவாரத்துக்காரி. நான் பை தூக்கியவன். என் வாழ்நாளில் அதுவரை ஒரு காளானைக்கூட மண்ணிலிருந்து பிடுங்கியதில்லை.

4

என் மனைவி தேவி, மஸ்ஜித் தானாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். அவளுடைய அண்ணன் முனியாண்டி குடும்பம் இன்னும் அங்கேதான், பதினொரு வீடுகள் வரிசையாக உள்ள ஒரு லயத்தில். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிக்கொண்டிருந்தவர், சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலை வேலைகள் தொடங்கியதும் அங்கே கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்விட்டார். அவர் மனைவி பாக்கியம் மட்டும் இன்னும் விடியுமுன் மரம் வெட்டப் போகிறாள்.

என் தலைதீபாவளிக்கு அங்கே போயிருந்தபோது, ரப்பர் மரங்களுக்கிடையில் ஒரு கறையான் புற்றைக் காட்டி, "இதுலதான் மாப்ளே நம்ம காளான் வரும்" என்றார் மச்சான். புது மாப்பிள்ளை. கழுத்தில் புதுச் சங்கிலி. சும்மா இருப்பேனா?

"எங்க சிறுமலையில நான் பறிக்காத காளானா மச்சான்? ஒரு கூடை குடுங்க."

அன்று பிடித்த சனி. அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, கூடையை மாட்டிக்கொண்டு நான் தோட்டத்துக்குள் போவேன். கண்ணுக்கு லட்சணமாக இருப்பதையெல்லாம் பறித்து வருவேன். பாக்கியம் கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "அண்ணே, நீங்க போயி உக்காருங்க. பறிச்சவங்க அடுப்படிக்கு வரக்கூடாது, இங்க அப்படித்தான்" என்பாள். நல்ல பழக்கம் என்று நான் உட்கார்ந்துவிடுவேன்.

அந்த லயத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. பருவத்தின் முதல் காளான் சட்டியை எந்த வீடும் தனியாகத் தின்னக்கூடாது. பதினொரு வீட்டுக்கும் கிண்ணம் போக வேண்டும். மஞ்சள், பூண்டு, அரைத்த மிளகாய், கடைசியில் தேங்காய்ப்பால் என்று பாக்கியம் வைக்கும் குழம்பு எங்கள் ஊர் மிளகுக் குழம்பைப் போல இருக்காதுதான். ஆனால் கிண்ணங்கள் வீடு வீடாகப் போகும்போது, "ஊர்க்கார மாப்ளே பறிச்சதாம்" என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது என் காதில் விழும். அதற்காக எந்தக் குழம்பையும் சாப்பிடலாம்.

போன வருஷம் தேவி முறுக்குச் சுட வீட்டிலேயே தங்கிவிட்டாள். நான் பிள்ளைகளோடு போனேன். மதியம் கிண்ணங்கள் போய்ச் சேர்ந்தன. நாங்கள் உட்கார்ந்தோம். கவிதா தட்டைத் தள்ளினாள்.

"எனக்கு வேணாம்ப்பா. காட்டு செண்டாவான் எல்லாம் டேஞ்சர். டீச்சர் சொன்னாங்க."

"பீட்சால கிடந்தா மட்டும் திங்குறே?"

"அது கடைல வாங்குறதுலா!"

எனக்குள் என்னவோ உடைந்தது. திண்டுக்கல், மழை, தேக்கிலை, அக்கா, கொலுசு, அரம் நின்ற சத்தம் எல்லாவற்றையும் எடுத்து அவிழ்த்துவிட்டேன். "உங்க அத்தை கைப்பக்குவம்தான் உனக்குக் கிடைக்கல. அப்பா கையால பறிச்சதையாவது தின்னக்கூடாதா?" என்று முடித்தேன்.

"சரி, சரி. ஸ்பீச் போதும், குடுங்க" என்று வாங்கிச் சாப்பிட்டாள். மூன்று கரண்டி. அப்புறம் தானாகவே நான்காவது. அக்கா தின்றதால் தம்பியும் தின்றான். ஊரே என் வீட்டுக்கு வந்துவிட்டது போலிருந்தது எனக்கு.

அந்தப் பூரிப்பில்தான் மூளை வேலை செய்தது. மகளுக்கு நிரூபித்துக் காட்டுவோமே! மோதிரத்தைக் கழற்றி, சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த சூடான குழம்பில் போட்டுவிட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்தேன். கண் சொக்கிவிட்டது. எழுந்து, பிள்ளைகளைக் கூப்பிட்டு, கரண்டியால் வித்தைக்காரன் போல மோதிரத்தை மேலே எடுத்தேன்.

கறுப்பு. அடுப்புக்கரி கறுப்பு.

என் வயிறு அந்த நொடியில் வலிக்க ஆரம்பித்தது. அதற்கு முந்திய நொடி வரை சமத்தாக ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த வயிறு அது. பிள்ளைகளைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணைக் கெஞ்சித் தின்ன வைத்திருக்கிறேன். அப்புறம்தான் மற்ற பத்து வீடுகள் ஞாபகத்துக்கு வந்தன.

மழையில் ஓடினேன். அடுத்த வீட்டு மாரியம்மாள் வாசலில் இருந்தாள்.

"குழம்பு... மிச்சம் இருக்கா?"

"ஏன் மாப்ளே, ஒங்களுக்குப் பத்தலியா? இங்க கிண்ணத்தயே வழிச்சு நக்கியாச்சு."

மூன்றாவது வீட்டில் பழைய வாட்ச்மேன் நாற்காலியில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தார். காலடியில் காலிக் கிண்ணம். முடிந்தது கதை என்று அவர் மூக்கடியில் விரலை வைத்தேன். ஒரு கண் திறந்தது.

"என்னா தம்பி, என் மூக்குல ஒனக்கு என்னா வேல?"

"ஈ உக்காந்திருந்துச்சு ஐயா."

நான்காவது வீட்டுக்குப் போகத் தைரியம் வரவில்லை. திரும்பி ஓடி வந்து மச்சானிடம் மோதிரத்தைக் காட்டினேன். "மச்சான், விஷம். வெள்ளி கறுத்துப் போச்சு. எல்லாரும் போயிட்டோம்." அவர் மோதிரத்தைப் பார்த்தார், பிறகு பாக்கியத்தைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன். உப்பைக் கரைத்து ஆளுக்கு ஒரு லோட்டா பிள்ளைகள் வாயில் ஊற்றினேன். இருவரையும் காருக்குள் தள்ளினேன்.

"அண்ணே, நில்லுங்க! ஒரு வார்த்த கேளுங்க!" என்று பாக்கியம் பின்னாலேயே ஓடி வந்தாள். ஒரு வார்த்தை கேட்கிற நேரமா அது?

5

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் குமரன் காருக்குள்ளேயே இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டான். எனக்கு உயிரே இல்லை. அவசரப் பிரிவில் இருந்த மலாய் மருத்துவ உதவியாளர் என் கோலத்தைப் பார்த்து, என்னைத்தான் முதலில் படுக்கச் சொன்னார். கவிதா வாயானாள். அவர் கேட்பதை எனக்கும், நான் உளறுவதை அவருக்கும் மாற்றி மாற்றிச் சொன்னாள்.

"யாரு மொதல்ல வாந்தி எடுத்தாங்கன்னு கேக்கிறாரு. தம்பின்னு சொல்லிட்டேன். உப்புத் தண்ணி குடுக்கச் சொன்னது யாருன்னு கேக்கிறாரு."

"என் அக்கான்னு சொல்லு."

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுப்பதே ஆபத்தாம். கறுத்த மோதிரத்தைச் சாட்சிப் பொருளாக நீட்டினேன். அதைப் பார்த்த கவிதா, "அப்பா, அது முட்டைக்குக் கறுக்கும்ப்பா. முட்டைல சல்ஃபர் இருக்கு. சயின்ஸ்ல படிச்சோம்" என்றாள்.

"குழம்புல ஏது முட்டை?"

"பாக்கியம் அத்தை ஒடச்சுக் கலக்கி ஊத்துனாங்களே, வாத்து முட்டை. பதினோரு வீட்டுக்குக் காளான் பத்தலன்னு. நான் பாத்தேன்."

அப்பாடா என்று எழுந்து உட்கார்ந்தேன். மருத்துவ உதவியாளர் கையமர்த்தினார். அவர் சொன்னதைக் கவிதா மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "வெள்ளி கறுத்தாலும் ஒண்ணும் தெரியாதாம். கறுக்காட்டியும் ஒண்ணும் தெரியாதாம். சில காளான் தின்னா ஒரு நாள் கழிச்சுத்தான் தெரியுமாம். அதுக்குள்ள ஈரல் போயிடுமாம். நீங்க பறிச்சது எப்படி இருந்துச்சு, சொல்லுங்க."

சொன்னேன். வெள்ளைக் குடை, தட்டு அகலம், தண்டில் மோதிரம் போல ஒரு வளையம், தோட்டத்து ஆலை ரோட்டோரப் புல்லில் வட்டமாக முளைத்திருந்தது, பார்க்க அவ்வளவு அழகு. நான் அழகு அழகு என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தார். இரண்டு பிள்ளைகளையும் ஆம்புலன்சில் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டும். காளானில் ஒன்று கிடைத்தாலும் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.

கவிதா குழாய் விடுகிற வாக்கியத்தை மட்டும் எனக்குச் சொல்லவில்லை. நானே புரிந்துகொண்டேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தாள். நாலாம் வகுப்புக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்ததில்லை.

"அப்பா, எனக்குப் பயமா இருக்கு. குழாய் விட்டா வலிக்குமாப்பா? நீங்களும் கூட வருவீங்கதானே?"

ஒரு மலாய்ச் சொல் இல்லை, ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. இவளிடமிருந்து இப்படி ஒரு தமிழைக் கேட்க நான் எத்தனை வருஷம் ஆசைப்பட்டிருப்பேன். அதை இப்படியா வாங்குவது? வருவேன் என்று தலையாட்டி, அவள் கையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். என் வாழ்க்கையிலேயே எனக்கு ஒரு ஜோக்கும் தோன்றாத நிமிஷம் அது ஒன்றுதான்.

வெளியே ஆம்புலன்ஸ் பின்வாங்கி நின்றது. அதன் பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிள். முனியாண்டி மச்சானும் பாக்கியமும் தலையிலிருந்து கால்வரை நனைந்து உள்ளே வந்தார்கள். பாக்கியத்தின் கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். நேராக மருத்துவ உதவியாளரிடம் போய் மலாயில் கடகடவென்று பேசினாள். ஒரு பையில் காளானின் நீண்ட வேர்த்தண்டு நறுக்குகள், புற்று மண் ஒட்டியபடி. இன்னொன்றில் என் வெள்ளைக் குடைகள், முழுசாக, அப்படியே. அவர் ஒரு குடையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இலேசாகப் பச்சை ஓடியிருந்தது.

"பாக்கியம், இது நான் பறிச்சதாச்சே. இது எப்படி இங்க?"

அவள் மச்சானைப் பார்த்தாள். மச்சான் சுவரிலிருந்த போஸ்டரைப் படிக்க ஆரம்பித்தார். அது தாய்ப்பாலைப் பற்றியது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பறிச்சத நான் சட்டியில போடவே இல்ல. கொக்கோ மரத்தடியில குழி வெட்டிப் பொதச்சிட்டேன். அதத் தின்னா மூணு நாளு கக்கூஸ்லதான் குடித்தனம். நாம தின்னது நான் விடியக்காலையில புத்துல எடுத்தது."

"அப்ப பிள்ளைங்க?"

"ஒண்ணும் ஆகாது. அந்தப் புத்துக் காளானத் தின்னுதான் நாங்க எல்லாம் வளந்தோம். தம்பி கக்குனது உங்க உப்புத் தண்ணிய."

மருத்துவ உதவியாளர் இரண்டு பையையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, யாரிடமோ தொலைபேசியில் விசாரித்தார். குழாய் வேண்டாம், பிள்ளைகள் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கட்டும், பார்ப்போம் என்றார். ஆம்புலன்ஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். கவிதா என் கையை விட்டுவிட்டுத் தம்பியிடம் மலாயில் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"இந்த வருஷம் மட்டும்தானே, பாக்கியம்?"

மச்சான் தாய்ப்பாலை இரண்டாம் தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"தேவிக்குத் தெரியுமா?"

"தேவிதான் அண்ணே தலைதீபாவளியிலயே சொன்னுச்சு. 'அவரு பூட்டுக்காரரு அண்ணி, காளான் தெரியாது. மாப்ள மனசு நோகாமப் பாத்துக்குங்க'ன்னு."

பதினைந்து வருஷம், பதினைந்து கூடை. நான் பறித்த காளானில் ஒன்றைக்கூட அந்த லயத்தில் யாரும் தின்றதில்லை, நான் உட்பட.